கடலில் விழாத போன்

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மாங்கரேயில் எந்தச் சமோவாக்காரர் வீட்டுக்குப் புதுப் போன் வந்தாலும் பழையது சொந்தத் தீவுக்கு விமானம் ஏறிவிடும். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் மீறிப் பார்த்தால் தெரியும், சர்ச்சில் எத்தனை தலை திரும்பும் என்று. லோசாவின் பழைய போன், சமோவாவின் சவாயி தீவிலிருக்கும் அக்கா பேபேக்கு என்பது எப்போதோ பேசி வைத்தது. பேபேயின் ஓட்டைப் போனில் குரல்தான் வரும், முகம் வராது.

லோசாவின் போனுக்கும் கிழடு தட்டிவிட்டது. மதியத்துக்குள் படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து போன் கம்பெனி ஆசை காட்டியது: பழையதைக் கொடுத்தால் புதியதில் பெரிய தள்ளுபடி. கடையில் அவள் அக்காவை மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாக நினைத்துக்கொண்டேதான் சம்மதித்தாள். பழையதைப் போட்டு அனுப்ப ஒரு பையும் கொடுத்தார்கள்.

அன்று மாலையே பேபே கூப்பிட்டாள். "என்னடி, எப்ப போன் மாத்தப் போற?"

"அது... கடல்ல விழுந்துடுச்சுக்கா."

"கடலா? கால் நனைஞ்சாலே உனக்கு ஜலதோஷமாச்சே! இப்ப எதுல பேசுற?"

"சியாகியோட போன்ல. என் நம்பரை அதுக்கு மாத்திக்கிட்டேன்."

பக்கத்தில் சேப்பங்கிழங்கு தின்றுகொண்டிருந்த புருஷன் சியாகி நிமிர்ந்தான். "என் போனையும் கடல்ல தள்ளிடாத தாயே."

பழைய போனைப் போட்ட பை சமையலறை இழுப்பறையிலேயே கிடந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்பாள். மறுநாளும் அதையே சொல்வாள்.

மறுவாரம் ஊரிலிருந்து வந்த போதகர் மனைவி சலோமே ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே பேபேயின் ஓட்டைப் போன்.

"வேலைக்குப் போற பொண்ணு போன் இல்லாம தவிக்குமே, வீட்ல கெடக்குற எனக்கு எதுக்குன்னு குடுத்தனுப்பினா."

சலோமே போனதும் சியாகி சொன்னான்: "இதையே அந்தப் பைக்குள்ள போட்டு அனுப்பிடு. கம்பெனிக்காரன் சந்தோஷப்படுவான்."

லோசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்பறையைத் திறந்தாள். தள்ளுபடி போனால் போகட்டும் என்று இரண்டு போனையும் அதே துணியில் சுற்றி, ஊர் திரும்பும் சலோமேயிடம் கொடுத்தாள். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "அரிசியில போட்டு வச்சேன், உயிர் வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றும் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேபேயின் முகம் வந்தது. சர்ச் தொப்பிகூடக் கழற்றவில்லை.

"இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னேன்டி! கடல் எடுத்ததைக் கர்த்தர் திருப்பிக் குடுத்தாருன்னு. போதகருக்கே கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த வாரம் அங்க நீயும் சொல்லணும்."

சியாகிக்குப் புரையேறியது.

"உன் முகம் எவ்ளோ பளிச்சுனு தெரியுது! சியாகி போன் ஒசத்திதான் போல."

இத்தனை நாள் வெறும் குரலிடம் சொன்ன பொய், இந்தத் தொப்பிக்கு அடியிலிருந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. லோசா புதுப் போனை மேசைமேல் மல்லாக்க வைத்தாள்.

"எங்கடி போன? கூரைதான் தெரியுது!"

"இப்படியே இருக்கட்டும்க்கா. இது சியாகி போன் இல்ல. சொல்றேன்... திட்டாம கேளு."