பெயர் போடாத ஜெபக் குறிப்பு

யாழ்ப்பாணத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறாள் அபிகாயில். ஊராருடைய கண்ணில் என்ன கோளாறு என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். தன்னுடைய கண்ணை மட்டும் ஜொனதன் என்பவனிடம் நான்கு மாதமாக ஈடாக அடைவு வைத்திருந்தாள்.

ஜொனதன் கைப்பேசியில், ஒரு கலியாணச் செயலியில் வந்தவன். கப்பலில் எஞ்சினியர், மனைவியை இழந்தவன், நோர்வேயில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அப்படித்தான் சொன்னான். முப்பத்தொன்பது வயதில், “சாப்பிட்டீங்களோ?” என்று நாளுக்கு மூன்று தரம் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீடியோவில் முகத்தை ஒரு தரமும் காட்டவில்லை, நடுக்கடலில் சிக்னல் போதாதாம். “இப்போதைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கண்ணூறு படும்” என்றும் சொல்லி வைத்திருந்தான். பைபிள் வாசிக்கும் வேதக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கண்ணூறில் என்ன நம்பிக்கை என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

பிறகு ஒரு பெட்டி வந்தது. வந்தது என்றால் அவள் ஊரான கோப்பாய்க்கு அல்ல, கொழும்பு வரைக்கும். மோதிரமும் கலியாணச் சேலையும் வைத்து அவன் அனுப்பிய பெட்டி சுங்கத்தில் நிற்கிறதென்றும், வெள்ளிக்கிழமைக்குள் நாலரை லட்சம் கட்டவேண்டும் என்றும் யாரோ ஒரு பெண் தொலைபேசியில் சொன்னாள். அபிகாயிலிடம் இருந்தது செத்துப்போன தாயின் நாலு தங்கக் காப்பு மட்டும்தான். வியாழன் காலை அதைக் கொண்டுபோய் அடைவு வைப்பதென்று முடிவு செய்துவிட்டாள்.

புதன் பின்னேரம் கோயிலில் பெண்கள் ஜெபக் கூட்டம். வாசலில் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணி இருக்கும். மனக்குறையைத் துண்டில் எழுதி அதற்குள் போட்டால் போதகர் எடுத்து வாசிப்பார், எல்லோரும் ஜெபிப்பார்கள். பெயர் போட வேண்டியதில்லை. மனிதருக்குச் சொல்லாதே என்றுதான் ஜொனதன் சொன்னான், ஆண்டவருக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லையே! அபிகாயில் தன் கையெழுத்தைச் சரித்து எழுதிப் பேணிக்குள் போட்டாள்.

ஒருத்தியின் முழங்கால் வலிக்கும் இன்னொருத்தியின் மகனுடைய விசாவுக்கும் நடுவில் போதகர் எட்வேர்ட் அதை வாசித்தார்.

“வெளிநாட்டிலிருந்து வந்த அன்பளிப்புப் பெட்டி சுங்கத்தில் சிக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் விடுபட ஜெபியுங்கள்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்த பியாட்றிஸ் மட்டும் எழுந்து நின்றாள். பாடகர் குழுவை நடத்துகிறவள், புருஷனை இழந்தவள், சேலை மடிப்பைப் போலவே பேச்சிலும் நெளிவு இல்லாதவள். போன மாதம்தான் எல்லோருக்கும் முன்னால் அபிகாயிலின் சுருதி பிழை என்று சொல்லி அவளை அழ வைத்திருந்தாள்.

“போதகர், உதுக்கு ஜெபிக்காதேங்கோ. உந்தப் பெட்டி வராது. அப்பிடி ஒரு பெட்டியே இல்லை.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் போதகர்.

“போன வருஷம் எனக்கும் அனுப்பினவன். றொபின் எண்டு பேர் சொன்னவன், டொக்டராம். மூண்டு தரமா ஆறு லட்சம் கட்டினனான். ஒவ்வொரு தரமும் இதுதான் கடைசி எண்டான். அவன்ரை முகத்தை நான் ஒரு நாளும் காணேல்லை.”

பின்வாங்கில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை பியாட்றிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சிரியுங்கோ. ஆனா இதை எழுதின பிள்ளை கேக்கவேணும். நீர் ஆரெண்டு நான் கேக்கமாட்டன். காசு கட்ட முதல் அவனை வீடியோவிலை வரச் சொல்லும். சாட்டுச் சொன்னான் எண்டால் விட்டிட்டு வந்திடும். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு சொல்லுறவன் நல்லவனா இருக்கமாட்டான்.”

உட்கார்ந்து அடுத்த பாட்டை வாசித்தாள். முதல் வரியிலேயே விரல் பிழைத்தது. அவளுக்கு விரல் பிழைத்து யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அபிகாயில் எழுதினாள்: “ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டுங்கோ.” சிக்னல் இல்லை என்றான். என்னில் நம்பிக்கை இல்லையா என்று கோபித்தான். மூன்றாம் தரமும் கேட்டபோது, “காசு கட்டினியோ இல்லையோ?” என்று வந்தது. நான்கு மாத மரியாதை ஒரு வரியில் போய்விட்டது. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை அழுதாள். பிறகு அவனைத் தடை செய்தாள். மறுநாள், அடைவுக்கடைக்குப் போக எடுத்த லீவில், அவன் எழுதியது எல்லாவற்றையும் பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

ஆனால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்பாய் முழுக்கப் பியாட்றிஸின் கதைதான். சந்தையில் அவளைக் கண்டு, “பெட்டி வந்திட்டுதோ?” என்று கேட்டவர்களும் உண்டு. அபிகாயிலைப் பற்றி ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்த மானத்தை, யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அந்தப் பெண் அவிழ்த்துப் போட்டிருந்தாள். நினைக்க நினைக்க அபிகாயிலுக்கு நெஞ்சு நிறைந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த புதன் இன்னொரு துண்டு எழுதினாள். இந்தத் தரம் எழுத்தைச் சரிக்கவில்லை. போதகர் அதை எடுத்தார், அடியில் இருந்த பெயரைப் பார்த்ததும் தயங்கினார்.

“வாசிக்கட்டோ, பிள்ளை?”

அபிகாயில் எழுந்தாள். “ஓம், வாசியுங்கோ. போன கிழமை எழுதினதும் நான்தான்.”

போதகர் வாசித்தார்: “கேட்ட பெட்டி வரவில்லை. அம்மாவின் நாலு காப்பும் கையில் இருக்கின்றன. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். பியாட்றிஸ் அக்காவுக்கு நன்றி. அபிகாயில்.”

பின்வாங்கில் இந்தத் தரம் யாரும் சிரிக்கவில்லை. பியாட்றிஸ் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அபிகாயில் ஆர்மோனியத்தடிக்குப் போனாள்.

“அக்கா, கண்ணாடி மாத்தவேணுமோ?”

“கண்ணாடியிலை ஒரு பிழையும் இல்லை. நீர் போய் இரும், பாட்டுத் துவங்கவேணும்.”

அன்றைக்குப் பாட்டு பிந்தித்தான் துவங்கியது. போய் இரும் என்று சொன்னவள், தாயின் காப்புப் போட்ட அபிகாயிலின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.