லுணுகலையில் எரிந்த புல்

இதனால் உலகத்தோர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், 2003ஆம் ஆண்டு, மனிதகுலத்தின் விறகுப் பஞ்சம் இலங்கை மலையகத்தில் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நிரந்தரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது. தீர்த்துவைத்தவர் திட்டப் பணிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் ஆளுயரப் புல்லை நட்டு, வெட்டிக் காயவைத்து, தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் எரிப்பது அவருடைய திட்டம். புல் வளர்ந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

குறை தராசடியில் ஆரம்பித்தது. புல் நிறுக்கும் பொறுப்பு கணக்கப்பிள்ளை பொன்னையாவுக்கு. முப்பது வருஷம் வாடாத தேயிலைக் கொழுந்தாகப் பார்த்து நிறுத்த கை. புல் வெட்டும் வேலாயி மூன்று நாள் வெயிலில் காயவைத்த புல்லுக்கட்டை இறக்கியதும், இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வாடிப்போச்சு. இத எடுக்க மாட்டேன்."

"எரிக்கத்தானேங்க கேட்டாங்க?"

"வாடுனத எடுத்தா தொரை மொதல்ல என்னைய எரிப்பாரு. பச்சையா கொண்டா புள்ள."

மறுநாள் முதல் பெண்கள் காய்ந்த புல்லிலும் தண்ணீர் தெளித்தே கொண்டுவந்தார்கள். பொன்னையா பூரித்துப்போனார்.

திறப்பு விழாவன்று அடுப்புக்காரர் அழகையா நெருப்பு வைத்தார். புகை வந்தது. நெருப்பு வரவில்லை. உள்ளே அரைத்துப் புளிக்கவைத்த தேயிலை சூட்டுக்குக் காத்திருந்தது. நேரத்துக்குக் காயாவிட்டால் அவ்வளவும் குப்பை. அப்படி ஆனால் அழகையாவுக்கு அடுப்படியில் இனி இடமில்லை என்று தோட்ட நிர்வாகியான தொரை காலையிலேயே சொல்லியிருந்தார்.

கொழும்பு விருந்தினரை வாசலில் நிறுத்திவிட்டுப் பணிப்பாளர் எட்டிப்பார்த்தார்.

"என்ன அழகையா, உது பத்தேல்லையோ?"

"பத்துங்க சார். இத்தன பேரு பாக்குறாங்கல்ல, புல்லு கூச்சப்படுது. கதவ சாத்திக்கிறேங்க."

சாத்தினார். பின்பக்கம் மொனராகலையிலிருந்து வழக்கம்போல் வந்திறங்கிய ரப்பர் மர விறகு பழைய இடத்தில்தான் கிடந்தது. அள்ளி அள்ளிப் போட்டார். சற்று நேரத்தில் அடுப்பு உறுமியது. தேயிலை மணக்க மணக்கக் காய்ந்து விழுந்தது. விருந்தினர் ஒருவர் அடுப்பின் இரும்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். பணிப்பாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களோ சேர்! இனி விறகு எண்ட சொல்லையே நாங்கள் மறந்திடலாம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னையா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அழகையா கையைத் துடைத்துக்கொண்டு தானும் தட்டினார். வேலை தப்பிவிட்டதே.

பணிப்பாளர் அந்த வாரமே நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதினார். புல் இத்தனை சுலபமாக எரிவதால் அடுப்புக்கென்று தனியாக ஆள் வைக்கத் தேவையில்லை என்பது அதில் ஒரு வரி. தொரை வாசித்தது அந்த ஒரு வரியைத்தான்.

திங்கட்கிழமை அழகையாவை மலைக்குப் புல் வெட்ட அனுப்பினார்கள்.