மூன்றாவது படியில் சிக்னல்

ஏணி இரவல் கேட்கப் போனபோது பக்கத்து வீட்டு ரபேல் அங்கிள் சிரித்துவிட்டார். "அட அலமாக், சிங்கப்பூர் கம்பெனிக்கெல்லாம் லைன் இழுக்கிற ஆளு, இன்னிக்குத்தான் சொந்த வீட்டுக்கு நேரம் கெடைச்சுச்சா? மழை வரப் போகுது லா." சிறீகாந்தனும் கூடச் சிரித்தான். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவனும் மனைவி ஷாமளாவும் பிரிவதென்று முடிவு செய்து, வக்கீல் முன்னால் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாடியறைகளுக்கு ஸ்கூடாய் பல்கலைக்கழக மாணவிகள் குடிவரப் போகிறார்கள். கீழே ஷாமளா மட்டும் இருப்பாள். வருகிறவர்களுக்கு இணையம் வேண்டும். "வெளி ஆளக் கூப்பிடட்டுமா, நீங்களே வந்து செஞ்சு குடுக்கறீங்களா?" என்று அவள் போனில் கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குள் வேறெதுவும் இருக்கிறதா என்று சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வாடகை அறையில் படுத்தபடி அவன் வெகுநேரம் யோசித்தான். திரும்பி வரட்டுமா என்று கேட்டுவிட வேண்டும். கேபிள் பெட்டியை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு எல்லைப் பாலத்தைக் கடக்கும்போது அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். கதவைத் திறந்தவள் தேநீரை நீட்டி, மாணவிகளின் லைன் தன்னுடையதோடு கலக்காமல் இருக்க வேண்டும் என்றாள். சரி என்றான். கேட்க நினைத்ததைக் கேட்காமல் தேநீரை வாங்கிக்கொண்டான்.

வேலை பெரிதல்ல. ஹாலில் உள்ள பழைய ரௌட்டரிலிருந்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் வரை ஒரு கேபிள். மாணவிகளுக்குத் தனியாக இன்னொரு ரௌட்டர் அங்கே இருக்கும். ஸ்டோரிலிருந்து விட்டம் வழியாக மாடி அறைகளுக்குக் கேபிள் ஏற்றி, அறைக்கொன்றாகக் கூரையில் சிக்னலைப் பரப்பும், வெள்ளைத் தட்டுப் போன்ற அக்சஸ் பாயிண்ட் மாட்ட வேண்டும். எந்த அலுவலகத்திலும் துளை போடுவதற்கு முன்னால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் இடமாக நடந்து சிக்னலை அளப்பது அவன் வழக்கம். சொந்த வீட்டில் அப்படி நடப்பது இதுதான் முதல் தடவை.

ஹாலில் சிக்னல் நிறைய இருந்தது. ரௌட்டருக்கு நேர் மேலே இருந்த மாடி முன்னறையிலும் குறைவில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கு அவன் வாங்கிக் கொடுத்த எழுது மேசை அங்கேதான் கிடந்தது. அதன் மேல் போனை வைத்துப் பார்த்தான். எந்தக் குறையும் இல்லை. அவனுக்கு அது புரியவில்லை. லாபிஸ், பெக்கோக் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஷாமளா மாலை நேரங்களில் கணினி வழியாகக் கணிதம் சொல்லிக் கொடுத்தாள். எல்லைச் சுங்கச் சாவடி நெரிசலைத் தாண்டி அவன் வீடு வந்து சேரும்போதெல்லாம், மாடிப்படியின் மூன்றாவது படியில் ஒரு சிறு மெத்தையைப் போட்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்திருப்பாள். ஏன் இங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, இங்கேதான் லைன் நன்றாகக் கிடைக்கிறது என்றாள். அடுத்த வாரம் மாடிக்கு லைன் இழுத்துத் தருகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவசரமில்லை என்பாள். அதைப் பொறுமை என்று நினைத்து அவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

மூன்றாவது படிக்கு இறங்கினான். திரையில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தான். அதே கோடுதான், அதுவும் வந்து வந்து போனது. ரௌட்டருக்கும் படிக்கும் நடுவே தடித்த சிமெண்டுச் சுவர் ஒன்று நின்றது. வீட்டிலேயே மோசமான இடம் இதுதான். முன்பெல்லாம் வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றும்போது உள்ளிருந்து அவள் பிள்ளைகளிடம் "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது இணைய கம்பெனிக்காரனைத்தான் திட்டியிருந்தான். மெல்ல அந்தப் படியில் உட்கார்ந்தான். எதிரே சன்னல் கம்பிகள், கம்பிகளுக்கு அப்பால் கேட், கேட்டைத் தாண்டி அவன் வண்டி திரும்பி வரும் தெருமுனை.

ஷாமளா சமையலறையிலிருந்து வந்து கீழே நின்றாள். அவன் போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"இங்க லைனே இல்லையே, ஷாமளா."

அவள் திரையைப் பார்க்கவில்லை. "தெரியும். உங்க வண்டி வெளிச்சம் மொதல்ல இங்கதான் தெரியும்."

வெளியே யாரோ காரில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்டிருக்கலாம். அவன் வாயிலிருந்து வந்தது வேறு. "இங்கயும் ஒண்ணு மாட்டிடறேன். கேபிள் மிச்சம் இருக்கு. இனிமே இங்க உக்காந்தாலும் நல்லா கெடைக்கும்."

"வேணாம் சிறீ." கோபம் இல்லாத குரல். "போன வருஷமே நான் மேல மேசைக்குப் போயிட்டேன். நீங்க கவனிக்கவே இல்ல."

அவள் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. படியில் அவள் இல்லாத முதல் நாள் எது என்று அவன் நினைத்துப் பார்த்தான். மழை நாளா, தீபாவளிக்கு முன்பா பின்பா? அன்றும் கதவைத் திறந்து, காலணியைக் கழற்றி, அந்தக் காலிப் படியில் கால் வைத்துத்தானே மாடிக்கு ஏறியிருப்பான். எவ்வளவு யோசித்தும் அந்த நாள் பிடிபடவில்லை.

பிறகு வேலையை முடித்தான். மாடியில் எந்த அறையில் நின்றாலும் போன் நிறையக் கோடுகள் காட்டியது. மாணவிகளின் லைனிலிருந்து ஷாமளாவின் கணினி தெரியவில்லை. அவள் கேட்டது போலவே. ஹால் ரௌட்டரிலிருந்து தன் போனையும் நீக்கினான். துளை போட்ட தூளைக் கூட்டி அள்ளிவிட்டு ஏணியைத் திருப்பிக் கொடுத்தான். மழை வரவில்லையே என்று ரபேல் அங்கிள் வானத்தைக் காட்டிச் சிரித்தார்.

பொழுது சாய்ந்திருந்தது. ஷாமளா வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க என்றாள். கேட்டுக்கு வெளியே வண்டியைத் தள்ளி நிறுத்தி, விளக்கைப் போட்டான். வெளிச்சம் சன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து மாடிப்படியில் கோடு கோடாக விழுந்தது. முதல் படி, இரண்டாவது படி, பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து பளபளப்பு ஏறிப்போன மூன்றாவது படி. வண்டியைத் திருப்பாமல் சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.