துளையில்லாத சிறகு

“இஞ்சினியர் கீறின படத்தில பூநாரைச் சிலையின்ர சிறகு முழுக்க ஓட்டை, பெற்றி. காத்துப் போக வழி. இவன் ஒண்டும் வெட்டேல்ல. இது சிறகில்லை, வள்ளத்துப் பாய்.”

“முதலாளியிட்டக் கேளுங்கோவன்.”

“கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் எண்டிடுவான். பேசாமல் சோத்தைக் கட்டு,” என்றான் வலன்ரைன் மனைவி பெற்றிசியாவிடம்.

அன்று காலையே தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று, ஏற்றிக்கொண்டிருந்த முதல் சிறகைத் திருப்பி அடித்து, அவனைச் சாரத்திலிருந்து கீழே தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்து பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். பள்ளிமுனையிலிருந்து இருவருமாய் வந்த வேலைக்குப் பெற்றிசியா இப்போது தனியே வருகிறாள்.

கடற்கரைப் பூங்காவில் முப்பதடி இரும்புப் பூநாரை ஒற்றைக் காலில் நின்றது. இன்றும் விடியமுன்னே அதைச் சுற்றி நடைபாதைக்குத் தாச்சி தாச்சியாய்க் கொங்கிறீட் சுமந்தாள். கைவெடிப்புகளுக்குள் சீமெந்து எரிந்தது. இரண்டாவது சிறகு, ஒரு துளையும் இல்லாத தகடு, கிரேன் சங்கிலியில் கட்டிக் கிடந்தது.

“ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா! றிஸ்வி, தூக்கு!” என்று கத்தினார் கொந்தராத்துக்காரர் சிவசுப்பிரமணியம்.

எருக்கலம்பிட்டி றிஸ்வி கிரேனிலிருந்து கடலைப் பார்த்தான். “காத்து எழும்பீற்று, முதலாளி.”

“காத்தென்ன உன்ர மாமனோ, பயப்பிட? வலன்ரைன் குடிச்சிட்டு ஏறி விழுந்ததுக்கு நான் வேலையை நிப்பாட்டேலாது.”

பெற்றிசியா தாச்சியை நிலத்தில் போட்டாள். “அவர் குடிக்கிறேல்ல. உங்கட தகடுதான் தள்ளினது.”

“தாச்சி தூக்கிறவளுக்கு இஞ்சினியர் கதையோ?”

“நீங்கள் எந்தக் கம்பசில படிச்சனீங்கள், முதலாளி?” என்றான் இரும்பு ஒட்டுவேலை செய்யும் தனஞ்சயன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

சிவசுப்பிரமணியத்தின் முகம் கறுத்தது. “எல்லாரும் வெளியால போங்கோ! பின்னேரத்துக்குள்ள வேற பத்துப் பேரை இறக்கிறன்.”

கிரேனின் இரைச்சல் நின்றது. றிஸ்வி அதன் திறப்பை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவந்து பெற்றிசியாவுக்குப் பக்கத்தில் நின்றான். தனஞ்சயன் வந்தான். கம்பி கட்டுகிறவர்களும் ஒவ்வொருவராய் வந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை.

“பொலிசைக் கூப்பிடுவன்!”

“கூப்பிடுங்கோ. அவையும் காத்தைப் பாக்கட்டும்,” என்றான் றிஸ்வி.

பெற்றிசியா முதலாளிக்கு முன்னால் வந்து நின்றாள். நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது. ஆனாலும் தன் புருசன் பயந்து பயந்து விழுங்கிய கேள்வி அவள் தொண்டைவரை வந்துவிட்டது.

“படத்தைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால விரியுங்கோ, முதலாளி. அதில இருக்கிற மாதிரி ஓட்டையை வெட்ட விடுங்கோ. பிறகு நாங்களே ஏத்தித் தாறம்.”