முதுகு காட்டிய கோட்டை

தலைநகரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் ஒரு தடவைகூடத் தன்னை வந்து பார்க்காத ஆள் வாசலுக்கு வந்து நின்றால், கோட்டை திரும்பி நின்றுகொள்ளும். ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடிக்காதவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாரே, அந்த மாதிரி மெதுவாகத் திரும்பும். அதற்குப் பிறகு முதுகுதான் தெரியும்: ஒரு தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் காவலர் சட்டைகள், பூட்டிய கதவு ஒன்று. டிக்கெட்டின் பின்பக்கம் இதையெல்லாம் அச்சடித்தே கொடுக்கிறார்கள். வடமலை படித்ததில்லை. டிக்கெட் வாங்கினால்தானே படிப்பதற்கு!

வடமலை கோவில்பட்டிக்காரர். மத்திய அரசு ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஊரிலிருந்து யார் வந்தாலும் காலையில் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் இறக்கிக்கொள்வதுதான் அவர் வழக்கம். நடுவில் வீட்டில் படுத்து ஒரு தூக்கம். ஆனால் கடிதம் எழுதுவதில் மட்டும் மனுஷன் குறை வைத்ததில்லை. 'தினமும் சாயங்காலம் கோட்டைக்குப் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன். வாசல் காவல்காரர் என்னைக் கண்டதும் வணக்கம் வைப்பார்' என்று அக்கா செண்பகவல்லிக்கு எழுதியிருந்தார். அக்கா அதைக் குழாயடியில் நின்று தெருவுக்கே வாசித்துக் காட்டியவள். இப்போது அவளே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள்.

"கோட்டையை உன்கூடப் பார்க்கத்தான இவ்வளவு தூரம் வந்தேன்? மத்ததெல்லாம் கிடக்கட்டும்."

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவளுக்கு ரயில். அறுபத்தாறு வயசு, இரண்டு முட்டியும் வலி. இன்னொரு தடவை வருவது நடக்கிற காரியமில்லை.

அவர்கள் வாசலை நெருங்கியதும் கோட்டை திரும்பிக்கொண்டது. ஒலிபெருக்கியில் இந்தியில் ஓர் அறிவிப்பு வந்தது.

"என்னலே சொல்லுதான்?" என்றாள் அக்கா.

"பிக்பாக்கெட் ஜாக்கிரதையாம்."

அக்கா பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுத்து ஆங்கிலத்தில் வந்தது. "அதையேதான் இங்கிலீஷ்ல சொல்லுதான்" என்றார் வடமலை. மூன்றாவது தடவை, சும்மா சொல்லக்கூடாது, நல்ல தமிழில் அட்சர சுத்தமாக வந்தது: "இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் வராத ஒருவர் வந்திருக்கிறார். அவர் தயவுசெய்து வலது பக்கத்து அறையில் போய் உட்காரவும். மற்றவர்கள் பார்க்க வேண்டும்."

வடமலைக்குக் காது மடல் சுட்டது. சுற்றிலும் முந்நூறு பேர் இருப்பார்கள். ஒருவரும் திட்டவில்லை. செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துப் புல்லில் சாய்ந்துகொண்டு, பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதுதான் அவரை என்னவோ செய்தது.

"யாரோ, பாவம். எவ்வளவு கூச்சமா இருக்கும் அந்த மனுஷனுக்கு" என்றாள் அக்கா.

வடமலை என்ன செய்தார் தெரியுமா? 'த்சொ' என்று உச்சுக்கொட்டி, "இப்படியும் சில பேரு இருக்கானுவ" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்தில் குடை பிடித்து நின்றிருந்த ஒரு பெரியவரைச் சந்தேகமாகப் பார்த்தும் வைத்தார். பெரியவர் பதறிப்போய், காலையில்தான் ஊரிலிருந்து வந்திறங்கிய ரயில் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். ச்சே, என்ன பிழைப்பு இது என்று வடமலைக்கே இருந்தது.

அந்தப் பக்கம் போனால் முகம் தெரியும் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவர்கள் நடக்க நடக்க, கோட்டையும் கூடவே திரும்பியது. மூன்று சுற்று. அதே தண்ணீர்த் தொட்டி, அதே சட்டைகள். மணி ஒன்றாகிவிட்டது. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பர்ஸிலிருந்து அவருடைய கடிதத்தை எடுத்து விரித்தாள்.

"காவல்காரர் உனக்கு வணக்கம் வைப்பார்னு எழுதியிருக்கியே. அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன், தம்பி. நான் பார்க்காமப் போயிருவேனோன்னு பயமா இருக்கு."

வடமலை காவல்காரரிடம் போனார். அவர் விறைப்பாக வணக்கம் வைத்தார். அதே கையை இறக்கி வலது பக்கத்து அறையைக் காட்டினார்.

வடமலை கூனிக் குறுகித் திரும்பி வந்தார். "நான்தான்க்கா அது" என்றார்.

அக்கா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தாள். "சரி, போ. நான் பார்த்துட்டு வாரேன்" என்றாள்.

அறையில் நாற்பது பேர் பெஞ்சுகளில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் தான் பார்த்த மியூசியங்களைப் பற்றி ஆபீஸில் விஸ்தாரமாகச் சொல்லுகிற அவருடைய மேலதிகாரியும் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"எத்தனை வருஷம்?"

"இருபத்திரண்டு."

"எனக்கு முப்பத்தொன்று" என்றார் அவர்.

ஒரு மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். எப்படி இருந்தது என்று வடமலை கேட்டார்.

"நீ எழுதின மாதிரியேதான் இருந்துச்சு" என்றாள்.

செவிட்டில் ஓர் அறை விட்டிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. ரயில் நகரும்போது அக்கா ஜன்னல் வழியாக, "வீடு கட்டிப் பதினாலு வருஷமாச்சு. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போலே" என்றாள். எப்போதும் சொல்வதுதான். "இந்த வருஷம் கண்டிப்பா" என்றார் அவரும். அதுவும் எப்போதும் சொல்வதுதான். ஆனால் இந்தத் தடவை மானம் பிடுங்கித் தின்றதில், அடுத்த மாதமே லீவு போட்டுவிட்டுக் கோவில்பட்டிக்குப் போய் இறங்கினார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியதுமே அக்காவின் வீடு மெதுவாகத் திரும்பிக்கொண்டது. துவைக்கிற கல், கொடியில் இரண்டு சேலை, பூட்டிய பின்கதவு. உள்ளே அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"என் தம்பியா? மாசம் தவறாம வந்து பார்த்துட்டுத்தான் போவான்."

வடமலை கதவைத் தட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார். ரேஷன் கடைக்கு வலது பக்கத்தில் அறை இருந்தது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

"எத்தனை வருஷம்?"

"பதினாலு."

"பதினோரு மணிக்கு டீ வரும்" என்றார் அவர். "உங்க அக்காதான் கொண்டுவருவாங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது."