ஒரு நிமிட இருட்டு

"தலைப் பக்கம் மேல இருக்கணும் சார், நீங்க முன்னாடி பிடிங்க" என்றார் குகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். சின்னவன் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஈரப் படிகளில் பின்னோக்கி ஏறினான். அம்மாவின் முகம் அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் லேசாக ஆடியது. தலையில் குகைக்குள் இறங்கும்போது கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

சின்னவன் என்றால் ஏதோ பொடியன் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பது தாண்டியவன், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். அக்காவுக்குப் பிறகு பிறந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர், காதோரம் நரைத்த பிறகும் போகவில்லை.

சனி ஞாயிறு சின்னப் பயணம், அம்மாவும் பிள்ளையும் மட்டும். டீவியில் இந்தக் குகையைப் பார்த்ததிலிருந்து அம்மா விடாமல் நச்சரித்தாள். "பூமிக்குள்ள ஒரு தடவை போய்ப் பாத்துடணும்டா."

"எப்படியும் ஒருநாள் போகத்தானே போறே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அவன் கேலி செய்தான். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நேற்று பஸ்ஸில்கூடப் பக்கத்து சீட்டுக்காரியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாழாய்ப்போன வாய், அதை ஏன் சொன்னோம் என்றிருந்தது அவனுக்கு.

மேலே வந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கியபடி, "அந்தப் பாட்டி தூங்குறாங்களா?" என்றது. அதன் அப்பா அதை இழுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் வந்த டாக்டர், கீழேயே மார்பை அமுக்கி அமுக்கிச் சட்டை நனைந்து போனவர், ஆம்புலன்ஸ் வரைக்கும் கூடவே நடந்தார்.

"ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாதுங்க" என்றார் அவர். காப்பாற்றியிருக்க முடியாது என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அம்மா ஆயுசு முழுக்க ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். அந்த ராட்சச மெஷின்களை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அவள் ரகசியம் சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும். சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம், டாக்டர் ரூம், எங்கே போனாலும் மானம் கப்பலேறும். அதற்கு வீட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கிறவர் அவள் புறங்கையை லேசாகக் கிள்ளினால் போதும், சட்டென்று நிறுத்திவிடுவாள். கோபமே வராது. "எம் பிள்ளைங்க எனக்கு சுவிட்ச் வச்சிருக்குதுங்க" என்று வேலையிடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாளாம்.

அன்று அவர்கள் இறங்கிப் போன குகையின் அடியில் பெரிய கூடம். வழிகாட்டிப் பெண் எல்லோரையும் கம்பியோரம் நிற்கவைத்தாள். "இப்ப எல்லா விளக்கையும் ஒரு நிமிஷம் அணைக்கப் போறேன். இப்படியொரு இருட்டை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க. தயவுசெஞ்சு யாரும் பேசாதீங்க."

விளக்கு போனது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எங்கோ தண்ணீர் சொட்டியது. அம்மாவின் கை அவன் கைக்குள் இருந்தது.

"டேய் சின்னவனே" என்றாள் அம்மா.

குகை முழுக்க அது எதிரொலித்தது. யாரோ உஷ் என்றார்கள், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவனுக்குக் கூச்சத்தில் காது சூடானது. கிள்ளினான். ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவை அழுத்திக் கிள்ளினான்.

அம்மா நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை கனத்தது. களைத்துப்போய்ச் சாய்கிறாள் என்று நினைத்துத் தோளைக் கொடுத்தான். விளக்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டுவதற்காகக் கையை விலக்கினான். அம்மா அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"கடைசியா ஏதாவது சொன்னாங்களாடா?"

"கூப்பிட்டாங்கக்கா. என்னைக் கூப்பிட்டாங்க. நான்தான்..."

"உன்னையத்தான் கூப்பிடுவாங்க, வேற யாரை?" அக்கா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ பக்கத்துல இருந்தியே, அது போதும்டா. நான் இருந்தாக்கூட அவங்களுக்கு இவ்வளவு நிம்மதி இருந்திருக்காது."

அவன் வாயைத் திறந்தான். அக்கா அதற்குள் போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டாள். "ஆமா மாமா, ஒரு கஷ்டமும் இல்ல. தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்க. சத்தமே இல்ல." கேட்டவர்களெல்லாம் கொடுத்துவைத்த மனுஷி என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். வலியில் கூப்பிட்டாளா, பயத்திலா, சும்மாதானா? இனி யாரிடம் போய்க் கேட்பான்?

"இந்தா, சித்தி உங்கிட்ட பேசணுமாம்" என்று அக்கா போனை நீட்டினாள்.

சித்தி அம்மாவின் தங்கை. அதே சலவைக்கூடம், அதே தொண்டை.

"டேய் சின்னவனே!" என்ற குரல் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது. எதிர் அறையிலிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

"பேசு சித்தி" என்றான். "எதையாவது பேசு. நிறுத்தாம பேசு."

"என்னத்தடா பேச, எங்கக்காவே போயிட்டா..." சித்தியின் குரல் உடைந்தது. அதன் பிறகு மூச்சு வாங்கும் ஓசைதான் வந்தது, மெல்ல அதுவும் தேய்ந்தது. அவன் போனைக் காதோடு அழுத்தி ஒலியைக் கூட்டினான். மறுபடி கூட்டினான். அதற்கு மேல் அது ஏறவில்லை.