நடுக்கத்தை அளக்கச் சொன்னார்கள்

ஐம்பது தாண்டி இன்ஜினியரிங் படிக்க வந்தவரை வகுப்பே பெரியப்பா என்று கூப்பிட்டது. பகலில் பம்ப் மெக்கானிக் வேலை, மாலையில் கல்லூரி. கணக்குப் பாடத்தில் நாக்குத் தள்ளியது. ஆனாலும் மனிதர் விடாப்பிடியாகக் கடைசி வருடம்வரை வந்துவிட்டார். எல்லாம் மனைவியின் தொல்லை. கல்யாணமான புதிதில், இன்ஜினியர் ஆக ஆசைப்பட்டதாக அவர் உளறிவிட்டார். அதை அவள் மனதில் முடிந்து வைத்திருந்து, பிள்ளைகள் தலையெடுத்ததும் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

இந்த வருடம் அவளுடைய நுரையீரல் மோசமாகிவிட்டது. அடுத்த வருடம் என்று பேச்செடுத்தால் டாக்டர் வேறு பக்கம் பார்க்கிறார். அவளோ பட்டமளிப்புப் படம் மாட்டுவதற்கு, கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இப்போதே ஆணி அடிக்க வைத்தாள்.

"கறுப்பு அங்கியில உங்கள ஒரு தடவ பாத்துடணும். அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்."

பாக்கி இருந்தது ஒரே ஒரு செய்முறைத் தேர்வு. அதுவும் பம்ப். அவருக்குத் தண்ணிபட்ட பாடு.

லேபில் பம்பின் ஒரு போல்ட்டை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருந்தார்கள். ஓடவிட்டு, அது எவ்வளவு நடுங்குகிறது என்று மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். எதையும் தொடக்கூடாது. அதைப் போர்டில் படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார். பம்ப் கடகடவென்று ஆடியது. ஆடுகிற பம்பைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்ற பழக்கம் அவருக்கு ஏது? சுவிட்சை அணைத்தார், கிடந்த ஸ்பேனரை எடுத்தார், போல்ட்டை முறுக்கினார், மறுபடி போட்டார். சத்தம் அடங்கியது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"ஐயா! என்ன பண்ணிட்டீங்க?" லேப் மேடம் ஓடிவந்தார். பெரியப்பாவின் மகள் வயதுதான் இருக்கும்.

"போல்ட்டு லூசா இருந்துச்சு மேடம். சரி பண்ணிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அளக்க வேண்டிய நடுக்கம் இப்போது இல்லை. மேடம் எவ்வளவோ கெஞ்சியும், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மசியவில்லை. கருவியில் கை வைத்தால் பூஜ்யம். இனி அடுத்த வருடம்தான்.

வீட்டில் பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"கைய வச்சுக்கிட்டு சும்மா இருந்தாத்தானே நீங்க."

அவருக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. கருவிப்பையிலிருந்து குறடு எடுத்து ஆணியைப் பிடுங்கப் போனார்.

"அத ஏங்க பிடுங்குறீங்க? இருக்கட்டும். என் படத்துக்கு ஆகும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தார். அவள் நெஞ்சு தடதடவென்று ஏறி இறங்கியது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் அதைப் பார்த்தபடியே இருந்தார்.